பிலிப்பைன்ஸ் திருநங்கையரைத் தாங்குவது தோழமையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பிலிப்பைன்ஸ் திருநங்கையரைத் தாங்கி நிற்பது மேடை வெளிச்சமா, தோழமையா?" என்பது தலைப்பு. தோழமையே என்று வாதாட எழுந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று மகுடங்களைக் காட்டினார். தாய்லாந்தின் பட்டாயாவில் நடக்கும் மிஸ் இன்டர்நேஷனல் குயின் போட்டியில் 2012இல் கெவின் பாலோட், 2015இல் டிரிக்ஸி மரிஸ்டெலா, 2022இல் ஃபூஷியா ஆன் ரவேனா என மூன்று பிலிப்பைன்ஸ் திருநங்கையர் வென்றதைப் பெருமையோடு சொன்னார். தன்பாலின ஈர்ப்பாளர்களைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று அந்நாட்டு மக்களில் 73 சதவீதம் பேர் 2013இல் பியூ ஆய்வு நிறுவனத்திடம் சொன்னதைச் சொன்னார். 2016இல் ஜெரால்டின் ரோமன் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனதைச் சொன்னார். எல்லாம் உண்மை. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. இத்தனை வெளிச்சமும் யாருடைய உயிரைக் காத்தது, முதுமையில் யாருக்குச் சோறு போட்டது என்றுதான் கேட்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த நாட்டில் திருநங்கையர் கண்ணில் படாமல் இருந்த காலமே கிடையாது. விசயாஸ் தீவுகளில் பெண்ணுடை அணிந்து சடங்கு நடத்திய 'அசோக்'குகளைப் பற்றி அங்கு போன ஸ்பானியப் பாதிரியார்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றும் தெருமுனை அழகு நிலையத்தில் அவர்கள் இருக்கிறார்கள். நகைச்சுவை பார்களில் ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறார்கள். மதிய நேரத் தொலைக்காட்சியில் இருக்கிறார்கள். மே மாதம் சாந்தாகுருசான் ஊர்வலம் வரும்போது, சிலுவையைக் கண்டெடுத்த ஹெலனா அரசியாக மகுடம் சூடி, பூவளைவின் கீழ் நடந்து வருகிறார்கள். ஊரே பார்க்கிறது, கைதட்டுகிறது. சிரிக்க வைத்தால், பாடினால், அழகாக இருந்தால் கைதட்டும் ஊர் அது. ஊர்வலம் முடிந்த மறுநாள் அதே பெண் வேலைக்கு மனுப்போட்டால் அடையாளச் சான்றைக் கேட்கிறார்கள். அதில் 'ஆண்' என்று இருக்கும்.

அது ஏன் மாறவில்லை? நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க அனுமதி தாருங்கள். 2001இல் பாங்காக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கை, தன் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றித் தரும்படி மணிலா நீதிமன்றத்தை நாடினார். 2003இல் கீழ் நீதிமன்றம் சரி என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2007 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. சில்வேரியோ வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பின் தொடக்கத்திலேயே ஒரு பழங்கதை வருகிறது: மூங்கில் பிளந்தது, அதிலிருந்து மலாகாஸ் என்ற ஆணும் மகண்டா என்ற பெண்ணும் வெளியே வந்தார்கள் என்று. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், தன் முன்னே வழக்காட வந்த ஒரு பெண்ணுக்கு மூங்கில் கதையைச் சொல்லிவிட்டு, இதற்குச் சட்டம் இல்லை, நாடாளுமன்றம் இயற்றினால்தான் உண்டு என்று திருப்பி அனுப்பியது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. பிறப்புப் பதிவில் பாலினம் எழுத்துப்பிழையாக விழுந்திருந்தால் நீதிமன்றம் போகாமலே திருத்தலாம் என்று 2012இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் விண்ணப்பதாரர் பாலின மாற்றுச் சிகிச்சை செய்துகொள்ளவில்லை என்று அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். திருநங்கையருக்குக் கதவு திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே போட்ட தாழ்ப்பாள் அது.

பட்டாயாவில் மூன்று முறை மகுடம் வந்தும் அந்தத் தாழ்ப்பாள் அசையவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன். ஜீனா ரொசேரோ மணிலாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அழகிப் போட்டி மேடைகளில் நின்றவர். "நீ ஏன் போட்டியில் சேரக்கூடாது?" என்று கேட்டு அவரை அந்த உலகத்துக்குள் அழைத்துப்போனவரும் ஒரு திருநங்கைதான். பிறகு அமெரிக்கா போனார். கலிஃபோர்னியாவில் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் 'பெண்' என்று எழுதினார்கள். நியூயார்க்கில் மாடலாக உழைத்த ஆண்டுகளில் தாம் திருநங்கை என்பதை வெளியே சொல்லவில்லை; 2014 மார்ச்சில்தான் ஒரு மேடையேறி உலகுக்குச் சொன்னார். எதிரணியினர் இதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் பார்த்த ஊரில் அவருக்குத் தாள் கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியாத ஊரில் கிடைத்தது. ஆக, கண்ணில் படுவது வேறு, உரிமை வேறு. ஆனால் இரண்டு ஊருக்கும் முன்னால் அவருக்குக் கிடைத்தது, கைப்பிடித்து அழைத்துப்போன ஒரு மூத்தவள்.

எதிரணித் தலைவர் மேடை என்றாரே, அந்த மேடையை யார் போடுகிறார்கள் என்று பார்ப்போம். ஊர்ப் புனிதரின் திருவிழா. பாரங்காய் எனப்படும் ஊர்ப் பகுதியின் கூடைப்பந்து மைதானத்தில் பந்தல், விளக்கு. நள்ளிரவு தாண்டியும் 'மிஸ் கே' என்ற திருநங்கையர் அழகிப் போட்டி நடக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே வேனில் பலர் வந்து இறங்குகிறார்கள். ஒருத்தியின் கவுனை இன்னொருத்தி தைத்திருப்பாள். தோற்றவள் தன் காதணியைக் கழற்றி அடுத்த சுற்றுக்குப் போகிறவளுக்கு மாட்டிவிடுவாள். கேள்வி-பதில் சுற்றுக்கு என்ன பேச வேண்டும் என்று வேனிலேயே ஒரு மூத்தவள் பாடம் எடுத்திருப்பாள். பரிசுப் பணம் ஒருத்திக்குத்தான், ஆனால் அதில் வேன் வாடகையும் எல்லோருக்குமான சாப்பாடும் போகும். பார்வையாளருக்குத் தெரிவது மகுடம் மட்டும். மேடைக்குப் பின்னே இருப்பதுதான் என் கட்சி.

வீட்டில் அப்பா அடித்துத் துரத்திய பிள்ளை எங்கே போகும்? அழகு நிலையத்துக்குப் போகும். அங்கே ஓர் அக்கா இருப்பாள். முதலில் தரையில் விழுந்த முடியைக் கூட்டச் சொல்வாள், பிறகு கத்தரியைக் கையில் தருவாள், இரவு மாடியில் படுக்க இடம் தருவாள். பிலிப்பைன்ஸில் எத்தனை பேருக்குத் தொழில் கற்றுத் தந்த பள்ளிக்கூடம் அது!

இனி ஜெனிஃபர் லாவுடேயைப் பற்றிப் பேசியாக வேண்டும். 26 வயது. 2014 அக்டோபர் 11, ஒலங்காப்போ நகரம். கூட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த அமெரிக்க மரைன் படைவீரன் ஜோசப் ஸ்காட் பெம்பர்ட்டன் ஒரு விடுதி அறையில் அவரைக் கொன்றான். எதிரணியினர் சொன்ன 73 சதவீதம் வெளியான அடுத்த ஆண்டு இது. அன்று இரவு உடனிருந்த தோழிதான் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். வல்லரசின் படைவீரனுக்கு எதிராக ஓர் ஏழைத் திருநங்கை கூண்டில் நிற்பது எளிய காரியமா? வெளியே நீதி கேட்டு மெழுகுவத்தி ஏந்தி நின்றவர்களில் முன்னால் நின்றவர்கள் திருநங்கையரும் ஜெனிஃபரின் குடும்பத்தாரும். 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றம் என்று சொல்லாமல், அதைவிடக் குறைந்த மரணம் விளைவித்த குற்றம் என்றார்கள். அவள் திருநங்கை என்று தெரிந்ததும் அவனுக்கு வந்த ஆத்திரத்தைத் தண்டனை குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். அவனை வைத்திருந்ததும் சாதாரணச் சிறையில் இல்லை, ராணுவ முகாமுக்குள்.

இத்துடன் இன்னொரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் குவெசான் சிட்டியில் ஒரு வணிக வளாகத்தில் கிரெட்சன் டீஸ் என்ற திருநங்கை பெண்கள் கழிப்பறைக்குப் போக முயன்றார். தடுத்தார்கள். அவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். கைவிலங்கு போட்டுக் காவல் நிலையம் கொண்டுபோனார்கள். பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து 2014லேயே ஆணை பிறப்பித்த நகரம் அது! செய்தி நாடெங்கும் பற்றி எரிந்தது. அதே மாதம் குடியரசுத் தலைவர் டுடெர்டே அவரை மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். படங்கள் வந்தன. மேடை வெளிச்சத்துக்கு இதைவிட உயர்ந்த இடம் உண்டா? 2020 செப்டம்பர் 7 அன்று அதே டுடெர்டே பெம்பர்ட்டனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். ஜெனிஃபர் இறந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு வாரத்துக்குள் அவன் விமானம் ஏறிவிட்டான். திருநங்கையோடு நின்று படம் எடுத்துக்கொண்ட கை, திருநங்கையைக் கொன்றவனின் விடுதலையில் கையெழுத்துப் போட்டது. அன்று பெருந்தொற்றுக் காலத்திலும் முகக்கவசத்தோடு தெருவில் இறங்கி அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றவர்களில் பலரின் பெயர் எந்தத் தொலைக்காட்சிக்கும் தெரியாது.

எதிரணி நண்பர் குறுக்கிட்டு ஜெரால்டின் ரோமனைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மதிப்போடு சொல்கிறேன். பத்தான் மாகாணத்தின் முதல் தொகுதியில் அவருக்கு முன் அவருடைய தந்தையும் தாயும் உறுப்பினர்களாக இருந்தவர்கள். அந்தக் குடும்பம் மகளை மகளாக ஏற்றது, கூட நின்றது. அவருடைய வெற்றியும் கூட நின்றவர்களால் வந்த வெற்றியே என்று நான் எழுதிக்கொள்கிறேன். அவர் சபையில் இருந்தபோது, 2017 செப்டம்பரில், பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா கீழவையில் 198 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. முதன்முதலாக அது நாடாளுமன்றத்துக்கு வந்தது 2000இல். கீழவையில் அப்படி வென்றும் செனட்டில் தேங்கி நின்றுபோனது. வெளிச்சத்தில் நின்று கைதூக்குவது எளிது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செனட்டரின் கதவையும் தட்டுவதற்கு அமைப்பு வேண்டும். திருநங்கையர் 2002இலேயே ஸ்ட்ராப் என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கையரும் சேர்ந்த ஆங் லட்லட் கட்சியை ஒழுக்கக்கேடு என்று சொல்லி, பைபிளையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டித் தேர்தல் ஆணையம் 2009இல் நிராகரித்தபோது, விடாமல் வழக்காடி 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வென்றதும் ஒரு கூட்டம்தான், ஒரு நட்சத்திரம் அல்ல.

முதுமைக்கு வருகிறேன். அழகு போன பிறகு மேடை யாரைக் கூப்பிடும்? பாசாய் நகர மன்ற உறுப்பினராக இருந்த ஜூஸ்தோ ஜூஸ்தோ, வயதான தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநங்கையருக்கும் 1975இல் ஒரு இல்லம் தொடங்கினார். 'கோல்டன் கேஸ்' என்று பெயர். குடும்பம் கைவிட்டவர்கள், தெருவில் பொருள் விற்றவர்கள், ஒரு காலத்தில் மேடையில் ஆடியவர்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பாட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். 2012இல் ஜூஸ்தோ இறந்ததும் இல்லம் போய்விட்டது. நகரெங்கும் சிதறினார்கள், சிலர் தெருவிலும் படுத்தார்கள். அவர்கள் கலைந்துபோயிருக்கலாம். போகவில்லை. எங்கெங்கோ தங்கிக்கொண்டே நிகழ்ச்சிக்கு ஒன்றுகூடினார்கள். எழுபது வயதில் பவுடர் பூசி, மணி வைத்த உடை அணிந்து பாடி, வந்த பணத்தில் மருந்தும் அரிசியும் பங்கிட்டார்கள். பின்னர் பாசாயிலேயே ஒரு வாடகை வீட்டில் மறுபடி சேர்ந்தார்கள். மேடையில் நிற்பது அவர்களுக்கும் பிடிக்கும்தான். ஆனால் அந்த மேடையின் வருமானம் போவது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் மாத்திரைக்கு.

கடல் கடந்தும் இதே கதை. 2000களின் தொடக்கத்தில் டெல் அவிவில் பிலிப்பைன்ஸ் திருநங்கையர் சிலர், கண்டிப்பான யூத மதக் குடும்பங்களின் முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பராமரித்தார்கள். விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். விடுமுறை இரவில் 'பேப்பர் டால்ஸ்' என்ற பெயரில் சேர்ந்து ஆடினார்கள். அந்த வாரம் யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் யாரை ஒளித்துத் தங்க வைப்பது என்பதெல்லாம் அந்தத் தோழிகளுக்குள்தான் முடிவாகும்.

தோழமைக்கும் எல்லை உண்டு என்று எதிரணி சொன்னால் ஒப்புக்கொள்வேன். மருத்துவரிடம் போக வழியில்லாமல், மூத்த தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி ஹார்மோனாக விழுங்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அது ஆபத்து. அவர்களுக்கு மருத்துவமனை வேண்டும், சட்டம் வேண்டும், சரியான பெயர் எழுதிய தாள் வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கவனிப்பவள் யார்? காவல் நிலையத்தில் உட்கார வைத்தால் ஓடி வருபவள் யார்? இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.