ஒன்றரை ஆள் கணக்கு

நடுவர் ஐயாவுக்கும், மகர்நோன்புப் பொட்டல் கொள்ளாம வந்திருக்கிற ஆச்சிமார், அண்ணன்மாருக்கும் வணக்கம். மத்த மரியாதையெல்லாம் அப்புறம். எனக்குக் கொடுத்ததே பத்து நிமிஷம். அதுல ரெண்டை மைக்காரர் சாப்பிட்டுட்டாரு.

தன் வரலாற்றுல நடந்த வன்முறையைப் பௌத்தம் எதிர்கொண்ட விதத்தில் விஞ்சி நிற்பது மனச்சாட்சியா, மழுப்பலா? இதான் தலைப்பு. நான் மனச்சாட்சின்னு பேச வந்தவ. மழுப்பல்னு பேசின எதிரணித் தம்பி என்ன சொன்னாரு? "இந்த அக்கா பர்மாக்காரனுக்கு வக்காலத்து வாங்காம என்ன செய்யும்? அது வீட்டுத் தூணே பர்மாத் தேக்கு!" நீங்களும் கை தட்டினீக. முன் வரிசையில எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து தட்டினாக. அதை ராத்திரி வீட்டுல வச்சுப் பேசிக்கிறேன்.

தம்பி, தூணு பர்மாதான். மத்தியானம் எங்க வீட்டுல ரெண்டு கிண்ணம் கவுனி அரிசி சாப்பிட்டீகளே, அது மட்டும் என்ன, பட்டுக்கோட்டையா? அதுவும் பர்மாலேர்ந்து வந்ததுன்னுதான் ஊரே சொல்லுது. மூணாவது கிண்ணம் கேட்டப்ப வராத கொள்கை மேடைக்கு வந்ததும் வந்துருச்சு!

தூணுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த ஒன்றரை ஆள்.

இலங்கைப் பௌத்தரோட பழைய வரலாற்று நூலு மகாவம்சம், அதுல இருக்கிற கதை. தமிழ் ராசா எல்லாளனைக் கொன்னு ஜெயிச்ச சிங்கள ராசா துட்டகாமினிக்கு அரண்மனையில மனசு கேக்கல. இத்தனை உயிரைக் கொன்னுட்டமேன்னு தவிக்கிறான். பியங்குத் தீவுலேர்ந்து எட்டு அரகந்தர்கள், அதான் ஞானம் அடைஞ்ச பிக்குகள், ஆகாய மார்க்கமா வந்து தேத்துறாக: "மன்னா, நீ கொன்னது ஒன்றரை மனுசனைத்தான். ஒருத்தன் புத்தரைச் சரணடைஞ்சவன், இன்னொருத்தன் ஐந்து சீலமும் ஏத்தவன். மத்தவன்லாம் மிருகத்துக்குச் சமானம்." தம்பி இதைச் சொல்லிட்டு, "எங்க ஊர்ப் பெட்டியடிப் பையன்கூட இப்படிக் கணக்கைத் தள்ளுபடி பண்ணமாட்டான்"னாரு. நியாயம். அந்தக் கணக்கு அசிங்கமான கணக்கு. இன்னைக்கு வரைக்கும் அதைக் காட்டிக் கத்தி தூக்குறவன் இருக்கான்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். பாவமே இல்லைன்னா எட்டுப் பேரு எதுக்குப் பறந்து வரணும்? ராசா நிம்மதியாத் தூங்கியிருந்தா அவுக தீவுலயே இருந்திருப்பாகளே! தூக்கம் கெட்டதையும் அதே புத்தகம் எழுதி வச்சிருக்கு. எல்லாளன் நீதிமணி கட்டினவன்னும், அவன் சமாதியைத் தாண்டுறப்ப மேளத்தை நிறுத்திட்டுப் போகணும்னு ஜெயிச்சவனே உத்தரவு போட்டான்னும் அதுலதான் இருக்கு.

அடுத்தது கலிங்கம். லட்சம் பேரைக் கொன்னேன், ஒன்றரை லட்சம் பேரை நாடு கடத்தினேன், வருந்துறேன்னு அசோகன் 13-ஆம் பாறைக் கல்வெட்டுல வெட்டி வச்சான். அந்தக் கல்வெட்டு கலிங்கத்துல இல்லையேன்னு தம்பி மடக்கினாரு. உண்மை. கலிங்கத்துல இருக்கிற தௌலியிலயும் ஜௌகடாவுலயும் அது இல்ல. வீட்டுக்காரியத் திட்டிட்டு ஊரெல்லாம் போய் வருத்தப்படுற ஆளு மாதிரி. அந்த மாதிரி ஆளு நம்ம தெருவுலயும் உண்டு. பேரு வேணாம், முன் வரிசைன்னு சொல்லியாச்சு. ஆனா வெட்டினானே! தோத்தவன் சொல்லி நமக்குத் தெரியல, ஜெயிச்சவனே எண்ணிக்கையோட சொன்னான்.

இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவை 1959-ல சுட்டது காவி கட்டின பிக்கு சோமராம. 2017-ல பர்மாவுலேர்ந்து ஏழு லட்சத்துக்கும் மேல ரோகிங்கியா முஸ்லிம் மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினாக. இதையெல்லாம் நான் மழுப்ப வரல. அதே பர்மாவுல மெய்க்திலாங்கிற ஊரு 2013-ல பத்தி எரிஞ்சப்ப, ஊ விதுத்தாங்கிற பிக்கு நூத்துக்கணக்கான முஸ்லிம்களைத் தன் மடத்துக்குள்ள வச்சுக்கிட்டு, "முதல்ல என்னைக் கொல்லுங்க"ன்னு கூட்டத்து முன்னால நின்னாரு. ஜப்பான்ல போருக்குத் துணைபோனதுக்கு சோட்டோ ஜென்ங்கிற பௌத்தப் பிரிவு 1992-ல பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. ஐம்பது வருசம் தாமதம்தான். கேக்காதவுக பட்டியலை எடுத்தா விடிஞ்சுரும், விட்டுருவோம்.

இப்பத் தூணு.

எங்க ஐயா, அதான் தாத்தா, பர்மாவுல ஹெஞ்சடாங்கிற ஊருல ஒரு வட்டிக்கடையில அடுத்தாள், அதான் உதவியாளு. கீழ் பர்மாவோட 13 நெல் மாவட்டத்துல 1930-ல வட்டிக்குக் கொடுத்த நம்ம செட்டியார்மார் கையில நூத்துக்கு 6 பங்கு நிலம், 1938-ல 25. நெல்லு விலை விழுந்துச்சு, கடன் திரும்பல, நிலம் வந்துச்சு. பர்மாக்காரன் வயித்தெரிச்சல் சும்மா வரல, அதையும் சொல்லிக்கிறேன். 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப ஐயா நடந்தே கிளம்பினாக. புரோம் வழியா, தாங்கப் கணவாய் தாண்டி. எவ்வளவு தூரம்? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நூறு மைலு. காலேஜ் போனப்ப முந்நூறு. என் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார்கிட்டச் சொன்னப்ப ஐந்நூறு, நடுவுல ஒரு புலி வேற. ஆயா உள்ளேருந்து குரல் கொடுப்பாக: "போன பொங்கலுக்குப் புலி இல்லையே?" ஐயா அசர மாட்டாக: "அப்ப அது தூரத்துல நின்னுச்சு!"

தலையில என்ன தூக்கிட்டு வந்தாக? தங்கமா? வைரமா? பேரேடு. கடன் பேரேடு! "ஊருல மனுசன் பொன்னைத் தூக்குவான், இவுக கடன்காரன் பேரைத் தூக்கிட்டு வந்தாக"ன்னு ஆயா சாகுற வரைக்கும் சொன்னாக.

அந்தப் பேரேடு எப்படிக் கைக்கு வந்துச்சு? கடையை ஊரே கொள்ளையடிச்ச ராத்திரி ஐயா வைக்கோல்போருக்குள்ள கிடந்தாக. விடிகாலையில அந்த ஊரு பொங்கி, அதான் பிக்கு, ஒத்தையா வர்றாரு. கையில பேரேடு. ஐயாவுக்குச் சந்தைப் பர்மியம்தான் தெரியும். புரிஞ்சது இவ்வளவுதான்: "எரிக்கச் சொல்லி என்கிட்டக் கொடுத்தாங்க. எரிக்கல. காசு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது." அதுல இருந்ததெல்லாம் அவரு ஊருக்காரன் பேரு, நடுவர் அவர்களே. அவருக்குச் சோறு போடுற வீடு. எரிச்சிருந்தா அந்த ஊரே கும்பிட்டிருக்கும்.

இது வாதமான்னு தம்பி கேப்பாரு. இல்ல தம்பி. வாதம் தூணுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு.

போன மாசம் வெள்ளையடிக்கிறப்ப பெட்டகத்தைத் திறந்து அந்தப் பேரேட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு. மேல பிள்ளையார் சுழி, சிவமயம். பக்கம் பக்கமா மௌங் இன்னார், மா இன்னார், பற்று, பற்று, பற்று. ஒரு காசு வசூலாகல. கடைசி ஏட்டுல மட்டும் மை வேற மாதிரி இருந்துச்சு; ஊருக்கு வந்தப்புறம் எழுதினது போல. ஐயா கையெழுத்து. "வரவு: பொங்கி சாமி, சோத்துப் பொட்டலம் 2." சோறு கொடுத்ததை ஐயா எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. அத்தனை மைலு சொன்ன மனுசன், புலியைச் சொன்ன மனுசன், இதைச் சொல்லல.

எதிர்ப் பக்கத்துல, திருப்பிக் கொடுத்ததை எழுதுற இடத்துல, தேதிக்குக் கோடு போட்டு வெறுமனே விட்டுருக்காக.

மணி அடிச்சுட்டீக ஐயா. வணக்கம்.