ஷட்டில் டப்பா விலையும் என் புது வருஷத் திட்டமும்

வணக்கம் மக்களே. புது வருஷத்துக்கு என்ன திட்டம், ஓட்டம் மட்டும்தானா, சைக்கிளைத் திரும்ப எடுப்பீர்களா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த டப்பாவைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். பன்னிரண்டு ஷட்டில், இறகு ஷட்டில், நாங்கள் எப்போதும் ஆடுகிற சாதாரண ரகம். 1,800 ரூபாய்!

இதே டப்பாவைப் போன வருஷம் 1,200க்கு வாங்கினேன். அதே மூடி, அதே ஸ்டிக்கர். கடைக்காரரிடம் கேட்டால், "அடுத்த லோடு இன்னும் ஏறுங்க தம்பி, இப்பவே ரெண்டா எடுத்துக்கங்க" என்று எனக்கே வியாபாரம் சொல்லித் தருகிறார். நான் ஒன்றுதான் எடுத்தேன். அதை எடுக்கவே கை வரவில்லை.

ஏன் ஏறியது என்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஒரு ஷட்டிலுக்கு 16 இறகு. எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும். பதினாறும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும், வலது இடது கலந்தால் பறக்கும்போது தள்ளாடும். ஒரு பறவையில் தேறுவதே கொஞ்சம் இறகுதான். இறகுக்காக யாரும் வாத்து வளர்ப்பதும் இல்லை, கறிக்கு வளர்க்கிறார்கள், இறகு கூடவே கிடைக்கிறது. சீனாவில் பன்றிக்கறி மலிந்து, வாத்துக்கறி சாப்பிடுவது குறைந்ததால் வளர்ப்பும் குறைந்துவிட்டதாம். அங்கே யாரோ மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டதற்கு இங்கே கோவை சிங்காநல்லூரில் நான் 600 ரூபாய் கூடக் கொடுக்கிறேன். நம் நாட்டிலும் மேற்கு வங்கத்தில் உலுபேரியா பக்கம் ஷட்டில் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அவர்களுக்கும் இறகு எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே.

"நைலான் ஆடுங்கள் ப்ரோ" என்று எழுதப் போகிறவர்களே, வேண்டாம். நைலானோடு எனக்கு ஒத்து வராது. ஓங்கி அடித்தால் அதன் பாவாடை, அதாவது இறகுக்குப் பதிலாக இருக்கிற நைலான் கூம்பு, நசுங்கிக்கொண்டு நேராகப் போகிறது. இறகு அப்படிப் போகாது. அடித்த வேகத்தில் கிளம்பும், பாதி வழியில் மூச்சு வாங்கும், அப்புறம் செங்குத்தாக விழும். அந்த விழுகிற அழகுக்காகத்தான் நான் இந்த ஆட்டமே ஆடுகிறேன். ஆவி காட்டுகிற வீடியோ பார்த்தவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஆட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி அம்மாவின் இட்லிப் பானையில் டப்பாவின் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஆவி காட்டி வைத்தால் இறகு சீக்கிரம் உடையாது. அதையும் செய்துதான் பார்க்கிறோம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 1,800க்கு பன்னிரண்டு என்றால் ஒன்று 150. இரட்டையர் ஆட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு எங்களுக்கு மூன்று போகும், 450 ரூபாய். நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 112 ரூபாய் 50 காசு. கோர்ட் வாடகை தனி. இப்போது ஷூவுக்கு வாருங்கள். 5,000 ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக 500லிருந்து 800 வரை சொல்வார்கள், நான் நடுவில் எடுக்கிறேன். கிலோமீட்டருக்கு 8 ரூபாய் சொச்சம். அதாவது ஒரு மணி நேர ஷட்டில் காசில் பதின்மூன்றரை கிலோமீட்டர் ஓடலாம்! இதை எங்கள் குரூப்பில் போட்டதும், கூட ஆடுகிற வங்கி அண்ணா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனிமேல் யாரும் ஓங்கி ஸ்மாஷ் அடிக்கக் கூடாது, வலையை ஒட்டி மெதுவாக விழுகிற டிராப் மட்டும் போட வேண்டும், ஷட்டில் மிச்சமாகும் என்று. மனுஷன் சீரியஸாகத்தான் சொன்னார். அந்த வாரமே இரண்டு பேர் குரூப்பிலிருந்து கழன்றுகொண்டார்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். டப்பா வாங்கும்போது மூடியில் 76, 77, 78 என்று ஒரு எண் இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எண் கூடினால் வேகம் கூடும். குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் ஷட்டில் முன்னாலேயே விழும். ஜனவரி காலையில் 76 எடுத்தால் பின்கோடு வரை தள்ளவே தோள் கழன்றுவிடும். ஏப்ரலில் அதே 76 சரியாக இருக்கும். 1,800 கொடுத்துவிட்டு எண் மாறிப் போனால் இன்னும் வயிறு எரியும், அதனால் சொல்கிறேன்.

ஆக, திட்டம். இந்த வருஷம் ஓட்டம்தான் அடிப்படை. மற்றதெல்லாம் பருவத்தைப் பார்த்து வந்து போகும். தினமும் எல்லாவற்றையும் செய்கிறேன் என்று அட்டவணை போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த அட்டவணை பொங்கலைத் தாண்டாது.

ஓட்டம் வழக்கம்போல கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை. ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வருவதால் நான்கு சுற்றில் பத்து முடிந்துவிடும், கணக்குப் போட மூளை வேண்டாம். டிசம்பரில் கோவை மாரத்தான் முடிந்ததும் பாதை காலியாக இருந்தது. ஜனவரி பிறந்ததும் புது ஷூ கூட்டம் வந்துவிட்டது. வரட்டும், சந்தோஷம். ஆனால் நான்கு பேர் கை கோத்தாற்போல் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்றால், என்னவோ சொத்தில் பங்கு கேட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் அருகம்புல் ஜூஸ். எனக்குப் பிடிக்காது, எத்தனை பேர் சொன்னாலும் பிடிக்காது. ஓடி முடித்தவனுக்கு மோர் விட்டுக் கரைத்த ராகிக்கூழ், கூட ஒரு மோர் மிளகாய், அவ்வளவுதான்.

இந்த வருஷம் வேகத்தைத் துரத்தப் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் முறுக்குவேன். மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிற அளவு. ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, அதுதான் அளவுகோல், வாட்ச் தேவையில்லை. நான் கூட ஓடுகிற ஆளிடம் ஷட்டில் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு ஓடுகிறேன், நன்றாகவே வருகிறது.

வெறுங்காலில் ஓடினால் ஷூ செலவும் இல்லையே என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார், 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. உண்மைதான். அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி இன்னும் வேகமாக ஜெயித்தார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சி ரோட்டு ஜல்லியில் வெறுங்காலோடு இறங்க எனக்குத் தெம்பு இல்லை. அதற்காக இருபதாயிரத்துக்கு கார்பன் தகடு வைத்த ஷூவும் வாங்க மாட்டேன். ரேஸ்கோர்ஸில் ராகிக்கூழ் குடிக்கப் போகிறவனுக்கு எதற்கு அது?

சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை. மதுக்கரை, எட்டிமடை, கே.ஜி. சாவடி, வாளையார், திரும்ப வீடு. இந்தப் பாதையில் ஜனவரியில் ஒரு விசேஷம் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் விட்டுப்போன இடம்தான் பாலக்காட்டுக் கணவாய், முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்று அந்த இடைவெளி வழியாகக் கேரளப் பக்கம் பாய்கிறது. போகும்போது யாரோ சீட்டைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். நான் பெரிய வீரன் என்ற நினைப்பில் வாளையார் போய்ச் சேருவேன். திரும்பினால் அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும்.

ஆனால் போன ஞாயிறு, கேளுங்கள், வாளையாரிலிருந்து எட்டிமடை வரை காலை ஊன்றாமல் வந்தேன். சின்ன கியர், முழங்கையை மடக்கி, தலையைக் குனிந்து, வேகமானியைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு மிதித்தேன். கே.ஜி. சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பால் வண்டி மெதுவாகப் போனது, அதன் பின்னால் ஒண்டிக்கொள்ள ஆசை வந்தது. ஒண்டவில்லை! அது ஆபத்து, அதோடு கணக்கிலும் வராது. எட்டிமடையில் டீக்கடை அக்காவிடம் இதைச் சொன்னேன். "காத்து அடிச்சா பஸ்ஸுல வர வேண்டியதுதானே" என்றார். பரவாயில்லை, உங்களுக்காவது புரியும். கிழக்கே போகும்போது எதிர்க்காற்று, மேற்கே போகும்போது தள்ளு காற்று என்பது இந்தப் பருவத்துக்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ், அப்போது காலையிலேயே எதிர்க்காற்றை முடித்துவிட்டு ஜாலியாகத் திரும்பலாம்.

நீச்சல் இப்போதைக்கு இல்லை. தண்ணீர் பச்சைக் குளிர், மார்ச்சில் பார்ப்போம்.

பிப்ரவரியில் வெள்ளியங்கிரி. பாதை திறந்ததும் கூட்டம் குறைவான ஒரு வார நாளில் போகிறேன். ஏழு மலை ஏறுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமதளத்தில் எவ்வளவு ஓடினாலும் இறக்கத்துக்குத் தொடை பழகாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், மறுநாள் உட்காரவும் முடியாது எழவும் முடியாது. அதற்குப் பயிற்சி மருதமலைப் படி. எண்ணூறு சொச்சம் படி, ஏறும்போது நடை, இறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல் நிதானமாக. தைப்பூசம் முடிகிற வரை அங்கே கூட்டம் தாங்காது, அதனால் அதற்கு அப்புறம்தான். வெள்ளியங்கிரி ஏறுவதற்கு முன் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி கட்டாயம் வாங்குங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருக்கிறவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஒவ்வொரு வருஷமும் சொல்வது சும்மா இல்லை. அங்கே ஒவ்வொரு சீசனிலும் உயிர் போகிறது.

இனி ஷட்டில் இல்லாத சாயங்காலங்களுக்கு என்ன செய்வது? இதைத்தான் சொல்ல வந்தேன், டப்பாக் கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பூப்பந்து! பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் ஆட வைப்பாரே, மஞ்சள் கம்பளிப் பந்து, அதுதான். பக்கத்துக்கு ஐந்து பேர், 24க்கு 12 மீட்டர் மண் மைதானம், கூரை வேண்டாம், ஏசி வேண்டாம், வாத்து வேண்டாம். தஞ்சாவூர் அரச குடும்பம் 1856இலேயே ஆடியதாகச் சொல்லப்படுகிற ஆட்டம். நம் ஊரில் பிறந்ததை விட்டுவிட்டு நான் சீனத்து வாத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன். பந்து ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. போன வியாழன் வங்கி அண்ணாவும் நானும் பந்தைத் தட்டிப் பார்த்தோம். மட்டை கனம், மணிக்கட்டு ஆட்டம் செல்லாது, தோளிலிருந்து வீச வேண்டும். பந்து தரையில் விழக் கூடாது என்பதால் ஓட்டமும் சரியாகக் கிடைக்கிறது. அண்ணா அடித்த முதல் அடி மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. கம்பளிப் பந்து நனைந்தால் காயவே ஒரு நாள் ஆகிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறை ஆள்தான். பத்துப் பேர் வேண்டும், ஆறு பேர் தேறியிருக்கிறோம். சிங்காநல்லூர், ராமநாதபுரம், ஒண்டிப்புதூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பழைய பூப்பந்து மட்டை பரண் மேல் கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஷட்டில் மட்டை கொண்டுவராதீர்கள், இரண்டு அடிக்கு நரம்பு போய்விடும். வலையும் கம்பமும் வங்கி அண்ணா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பந்து நான் கொண்டுவருகிறேன்.