பந்து விழுறத ஃபிரேம் ஃபிரேமா எண்ணலாம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் இயற்பியல் பாடம் எடுக்குற ஆளு, ஆனா இன்னைக்குப் பேச வந்தது வீடியோ எடிட்டிங் பத்தி. எடிட்டிங்னாலே ஆண்டுவிழா வீடியோ, பின்னாடி ஒரு பாட்டு, பறந்து வர்ற எழுத்துன்னுதான் நெனப்போம், அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். என்னைக் கேட்டா கிளாஸுக்கு அதுல உருப்படியானது டைம்லைன்தான், வீடியோவ ஒவ்வொரு ஃபிரேமா, அதாவது அதுல இருக்குற ஒவ்வொரு தனிப் படமா, நகர்த்திப் பாக்கலாம் பாருங்க, அது.

சாதாரணமா போன்ல எடுத்தா செகண்டுக்கு 30 ஃபிரேம். செவுத்துல ஒரு மீட்டர் ஸ்கேல நிக்கவெச்சு, அந்த உயரத்துல இருந்து ஒரு பந்த விடச் சொல்லி, போன் ஆடாம வீடியோ எடுத்து கேடென்லைவ்ல போடுங்க, இலவச சாஃப்ட்வேர்தான். வலது பக்க அம்புக்குறிய ஒரு தட்டு தட்டினா ஒரு ஃபிரேம் நகரும். கைய விட்ட ஃபிரேம்ல இருந்து தரையத் தொடுற ஃபிரேம் வரைக்கும் பிள்ளைங்களே எண்ணட்டும்.

இங்கதான் சண்டை ஆரம்பிக்கும். ஒருத்தன் 13ம்பான், இன்னொருத்தி 14ம்பா. எண்ணிக்கைய 30ஆல வகுத்தா விழுற நேரம், உயரத்தோட ரெண்டு மடங்க அந்த நேரத்தோட வர்க்கத்தால வகுத்தா புவியீர்ப்பு முடுக்கம். 13னா அது 10.65 வருது, 14னா 9.18, புக்குல 9.8னு போட்டிருக்கு. யாரும் தப்பா எண்ணல, பந்து தரையத் தொட்டதே ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல, கேமரா அதப் பாக்கவே இல்ல! அளவீட்டுப் பிழைன்னு போர்டுல எழுதினா கொட்டாவி விடுற பசங்க இப்ப அவங்களாவே கேப்பாங்க, சார் இன்னும் நுணுக்கமா அளக்க முடியாதான்னு. அப்ப ஸ்லோமோஷன்ல, செகண்டுக்கு 120 ஃபிரேம் வெச்சு எடுங்க, 54 பக்கம் வரும், கணக்கு போட்டா 9.88. ஒண்ணு மட்டும், சில போன் அந்த வீடியோவ இழுத்து நீட்டி சேவ் பண்ணும், அதனால டைம்லைன் காட்டுற செகண்ட நம்பாம ஃபிரேம எண்ணி 120ஆல வகுங்க.

கலிலியோவுக்கு இந்த வசதி ஏது, நேரா விழுற பந்து கண்ணுக்குச் சிக்காதுன்னு சாய்வுப் பலகையில உருட்டிவிட்டு, ஒழுகுற தண்ணிய எடை போட்டு நேரத்த அளந்தாரு. சம நேரத்துல போற தூரம் 1, 3, 5, 7ங்கிற விகிதத்துல வருதுன்னு சொன்னாரு. முதல்ல எடுத்த அந்த 30 ஃபிரேம் வீடியோவுல மூணு மூணு ஃபிரேமா தாண்டி ஸ்கேலப் பாருங்க, 5 சென்டிமீட்டர், அப்புறம் 15, 25, 34ன்னு அதே விகிதம் கிட்டத்தட்ட வந்து நிக்கும்.

வெளிச்சம் கம்மியா இருந்தா போன் தானாவே ஃபிரேம கொறச்சிடும், எண்ணிக்கை மொத்தமும் கெட்டுப்போகும். அதனால கிளாஸுக்குள்ள வேண்டாம், வெயில்ல கிரவுண்டுல எடுங்க, பந்தும் மங்கலா தெரியாது. பழைய கம்ப்யூட்டரா இருந்தா 720 குவாலிட்டியே தாராளம். அடுத்து காகிதத்த விட்டுப் பாக்கலாமான்னு எவனாவது கேப்பான், விடச் சொல்லுங்க, 1, 3, 5 அங்க வராது, ஏன் வரலன்னு காத்தப் பத்தி அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

நன்றி, வணக்கம்.