ஸ்லோவாக்கியா போகும் யோசனையா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

(திரையில்: மத்திய ஐரோப்பாவின் வரைபடம். ஸ்லோவாக்கியா மட்டும் நிறம் மாறுகிறது.)

போலந்து, உக்ரைன், ஹங்கேரி, ஆஸ்திரியா, செக் குடியரசு. இந்த ஐந்துக்கும் நடுவில், கடலே இல்லாமல் உட்கார்ந்திருக்கிற நாடு ஸ்லோவாக்கியா. பரப்பு சுமார் 49,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்குகூட வராது. மக்கள்தொகை 54 லட்சத்தை ஒட்டி. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதிக்குள் 2007 டிசம்பரில் வந்தது, 2009 ஜனவரியில் யூரோவுக்கு மாறியது. பக்கத்தில் போலந்துக்கோ ஹங்கேரிக்கோ செக் குடியரசுக்கோ போனால் வேறு காசு மாற்ற வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

வியன்னா வரை போகிறவர்கள் வழக்கமாகத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவை அரை நாளில் பார்த்துவிட்டு, ஸ்லோவாக்கியாவும் ஆயிற்று என்று கணக்கு முடித்துவிடுகிறார்கள். நாட்டின் உண்மையான சொத்து அங்கிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம் கிழக்கே இருக்கிறது. உயர் தாத்ரா மலைகள்.

(திரையில்: நாட்காட்டி. நவம்பர் 1 முதல் மே 31 வரை சிவப்பு.)

இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்தச் சிவப்புப் பட்டையை வையுங்கள். நவம்பர் 1 முதல் மே 31 வரை, உயர் தாத்ராவில் மலைக்குடில்களுக்கு (மலையேறுபவர்கள் தங்கிச் சாப்பிடும் இடங்கள்) மேலே போகும் நடைபாதைகள் மூடப்படுகின்றன. பனிச்சரிவு ஆபத்து ஒரு காரணம், காட்டு விலங்குகளுக்கு அமைதி தேவை என்பது இன்னொன்று. இது தேசியப் பூங்காவின் விதி, மீறினால் அபராதம்.

நம் ஊரில் பள்ளி விடுமுறை எப்போது? ஏப்ரல், மே. சிக்கல் புரிகிறதா? குடும்பத்தோடு கிளம்பத் தோதான மாதங்களில்தான் மலையின் மேல்பாதி பூட்டிக் கிடக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் பாதை திறந்துவிட்டாலும் உயரமான கணவாய்களில் பனி மிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் திறந்திருக்கும். ஆனால் கூட்டமும் உண்டு, மதியத்துக்கு மேல் இடிமழையும் உண்டு. அதனால் கோடையில் காலை சீக்கிரம் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுவதுதான் அங்குள்ளவர்கள் வழக்கம். என்னைக் கேட்டால் செப்டம்பர். வானம் ஓரளவு தெளிந்திருக்கும், உள்ளூர் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள்.

மே மாதம் தவிர வழியில்லையா? அப்போதும் போகலாம், ஆனால் கீழ்ப்பாதி மலைக்கென்று திட்டம் போடுங்கள். ஸ்டாரி ஸ்மோகோவெட்ஸ் ஊரிலிருந்து இழுவை ரயிலில் ஹ்ரெபியெனோக் ஏறி, அங்கிருந்து ஸ்டுடெனி ஓடையின் அருவிகளைப் பார்த்துக்கொண்டு ஜாம்கோவ்ஸ்கி குடில் வரை நடக்கலாம். 1,475 மீட்டர் உயரம், ஆண்டு முழுவதும் திறந்த பாதை. மேலேயுள்ள குடில்களுக்கு இன்றும் உணவும் எரிபொருளும் மனிதர்களின் முதுகில்தான் போகின்றன. மரச்சட்டத்தில் ஆளுயரத்துக்கு மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஏறும் அந்தச் சுமைக்காரர்களை வழியில் பார்த்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

(திரையில்: பொப்ராட் நிலையம். மாடியில் சிறிய மின்ரயில் நிற்கிறது.)

தங்குவது எங்கே? பிராட்டிஸ்லாவா ரயில் வந்து நிற்கும் பொப்ராட் நகரமா, மேலே மலையடிவாரமா என்பதுதான் கேள்வி. பொப்ராட்டில் கடைகள் அதிகம், அறை வாடகை பொதுவாகக் குறைவு. அங்கிருந்து ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் தாத்ரா மின்ரயில், ஸ்டாரி ஸ்மோகோவெட்ஸ் வழியாக ஷ்ட்ர்ப்ஸ்கே ப்லெசோ ஏரி வரை போகிறது. ஏரி 1,346 மீட்டரில். கார் வேண்டியதே இல்லை. நான்கு இரவாவது ஒரே இடத்தில் தங்குங்கள். தினம் ஒரு ஊர் மாற்றிப் பெட்டி தூக்கினால் மலையைப் பார்க்கவே முடியாது.

அப்புறம், எந்த நாள் எந்தப் பாதை என்று வீட்டிலிருந்தே பூட்டி வைக்காதீர்கள். இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். முந்தின நாள் மாலை வானிலை பார்த்து முடிவு செய்தால் போதும். இதற்கு ஒரு விலக்கு லொம்னிட்ஸ்கி ஷ்டீட் சிகரம். 2,634 மீட்டர் உச்சிக்குக் கேபிள் கார் உண்டு. ஒரு பெட்டியில் 15 பேர்தான், மேலே நிற்க 50 நிமிடம்தான். டிக்கெட் நேரம் குறித்துத் தருவார்கள், சீசனில் முன்பே தீர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். வழியில் தூணே இல்லாமல் ஒரே வீச்சில் ஏறும் கம்பி அது. உயரம் என்றால் பயப்படுபவர்கள் கீழே, அந்தக் கேபிள் கார் கிளம்பும் ஸ்கல்னாடே ப்லெசோவில் காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பது நல்லது.

நாட்டின் மிக உயரமான சிகரம் கெர்லாக், 2,655 மீட்டர். அதற்குக் குறியிட்ட பாதை கிடையாது. உரிமம் பெற்ற மலை வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. மலையில் மாட்டிக்கொண்டால் மீட்புப் படை வரும், எண் 18300. ஆனால் அந்தச் சேவை இலவசம் இல்லை. செலவு மாட்டியவர் தலையில்தான். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டில் மலை மீட்பு அடங்குமா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். பல நேரம் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

(திரையில்: குன்றின் மேல் ஸ்பிஷ் கோட்டை, சுற்றிலும் புல்வெளி.)

மழை நாளுக்குக் கிழக்கே போங்கள். லெவோச்சா ஊரில் புனித யாக்கோபு தேவாலயத்துக்குள் 18.62 மீட்டர் உயர மரப் பலிபீடம் நிற்கிறது. மாஸ்டர் பாவோல் என்ற சிற்பி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. கோதிக் பாணி மரப் பலிபீடங்களில் உலகிலேயே உயரமானது. பக்கத்திலேயே ஸ்பிஷ் கோட்டை. 1780இல் எரிந்து பாழானது, 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும். டோப்ஷினா பனிக் குகையோ அதைவிடக் கறார்: மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான், அதிலும் திங்கட்கிழமை விடுமுறை. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஸ்வெட்டர் தேவை.

சாப்பாடு. தேசிய உணவு பிரிண்ட்ஸோவே ஹலுஷ்கி: உருளைக்கிழங்கு மாவு உருண்டை, செம்மறி ஆட்டுப்பால் சீஸ். மேலே பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவித்தான் தருவார்கள். சைவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே "பெஸ் ஸ்லானினி" என்று சொல்லிவிடுங்கள். பன்றிக் கொழுப்பு இல்லாமல் என்று பொருள், அப்படியே கிடைக்கும். பொரித்த சீஸும் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். சூப் சைவம்போலத் தெரிந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், முட்டைக்கோஸ் சூப்பில் பெரும்பாலும் தொத்திறைச்சி ஒளிந்திருக்கும். வார நாட்களில் மதியம் சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்ந்த 'மெனு' போடுவார்கள். பணம் மிச்சம் பிடிக்க அதுதான் வழி. பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.

பிராட்டிஸ்லாவாவைக் கடைசிக்கு வைக்கலாம். வியன்னா அங்கிருந்து 60 கிலோமீட்டர்தான். ரயிலிலோ பேருந்திலோ ஒரு மணி நேரம், அதனால் திரும்பும் விமானத்தை வியன்னாவிலிருந்தே பிடிக்கலாம். பழைய நகரத்துக்கு ஒரு நாள் போதும். கையில் நேரம் இருந்தால் டெவீன் கோட்டைக்குப் போங்கள்: டான்யூப் நதியும் மொராவா நதியும் கூடுமிடம், எதிர்க்கரை ஆஸ்திரியா. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இந்தக் கரையில் முள்வேலி இருந்தது.

(திரையில்: விசா விண்ணப்பம்.)

கடைசியாக விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வியன்னாவில் இறங்கினாலும் அதிக நாட்கள் ஸ்லோவாக்கியாவில் என்றால் ஸ்லோவாக்கியாவிடம். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். விடுதி முன்பதிவுகளும் விண்ணப்பத்தில் எழுதிய நாட்களும் ஒத்துப்போக வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக வைத்துக் கொடுக்கக் கூடாது. செப்டம்பரில் கிளம்புகிறவர்கள் மார்ச்சிலேயே ஆரம்பிக்கலாம். ஜூலை வரை தள்ளிப்போட்டால் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு.