10,744 வாக்குக்கு 9 எம்பிக்கள்: ஊர்காவற்றுறைத் தொகுதியின் கதை

[திரை: யாழ்ப்பாணத் தீவுகளின் வரைபடம்]

வணக்கம். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் நாலு தமிழ்க் கடை ஏறி இறங்கினால், ஒரு முதலாளியாவது தன் ஊர் புங்குடுதீவு என்றோ வேலணை என்றோ சொல்லுவார். அந்தத் தீவுகளுக்கென்று முன்பு தனி பாராளுமன்றத் தொகுதியே இருந்தது. பெயர் ஊர்காவற்றுறை.

1947இல் முதல் எம்பியாக வந்தவர் ஆல்பிரட் தம்பிஐயா. கொழும்புத் துறைமுகத்தில் சரக்குப் படகுத் தொழில் செய்த பெரிய வர்த்தகர். 1952இலும் அவர்தான். மொழிப் பிரச்சினை சூடேறிய 1956இல் அந்தச் செல்வாக்கு எடுபடவில்லை. தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா வென்றார். 1963இல் கந்தையா காலமானதும் இடைத்தேர்தல் வந்தது. அதே கட்சியின் வி. நவரத்தினம் எம்பியானார்.

நவரத்தினம் பிறகு கட்சியோடு முரண்பட்டார். தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கி, 1970இல் தனியரசு கேட்டு நின்றார். தோற்றார். தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்தைத்தான் தீவு மக்கள் அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1977இல் அதே இரத்தினம் தமிழர் விடுதலைக் கூட்டணியில் நின்று, தனித் தமிழீழக் கோரிக்கையோடு வென்றார்!

1983இல் அரசியலமைப்புக்கு வந்த ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிராகச் சத்தியப்பிரமாணம் கேட்டது. கூட்டணி எம்பிக்கள் மறுத்தார்கள், ஆசனங்கள் போயின. 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில், அதாவது மாவட்டத்தில் விழுந்த வாக்குகளின் விகிதப்படி கட்சிகளுக்கு ஆசனம் பிரிக்கும் முறையில், முதல் பொதுத்தேர்தல் 1989இல் நடந்தபோது, ஊர்காவற்றுறை யாழ் மாவட்டத்துக்குள் ஒரு வாக்களிப்புப் பிரிவாகச் சுருங்கிவிட்டது.

சரி, இனித்தான் கதையே.

[திரை: 1994 ஆகஸ்ட் 16, பொதுத்தேர்தல்]

யாழ் குடாநாடு புலிகள் கையில். தீவுகள் படையினர் கையில். மாவட்டத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேலான வாக்காளர்கள் பதிவில் இருந்தும், குடாநாட்டில் வாக்களிப்பு நடக்கவில்லை. வாக்குப் பெரும்பாலும் தீவுகளில்தான் விழுந்தது. ஈ.பி.டி.பி., அதாவது ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி, அங்கே சுயேச்சைக்குழுவாக நின்றது. கிடைத்தது 10,744 வாக்கு. மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 அவர்களுக்கு!

எப்படி? ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அதைக் கட்சிகளுக்குப் பிரிக்கும்போது பதிவு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை; விழுந்த செல்லுபடியான வாக்குதான் கணக்கு. முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம், மீதி ஒன்பதும் விகிதப்படி. வாக்களிக்காத லட்சக்கணக்கானவர்களின் பங்கையும் வாக்களித்த சில ஆயிரம் பேரே நிரப்பினார்கள். ஆசனத்துக்கு ஏறக்குறைய 1,200 வாக்கு. அதே தேர்தலில் நாடு முழுக்க வென்ற பொதுசன ஐக்கிய முன்னணிக்கு ஓர் ஆசனத்துக்குச் சராசரியாக 37,000 வாக்கு தேவைப்பட்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் இதை யாழ்ப்பாணத்தின் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருவரான டக்ளஸ் தேவானந்தா, அதன்பின் 30 வருடம் விடாமல் எம்பியாக இருந்து, 2024 நவம்பரில்தான் தோற்றார். அந்தத் தேர்தலில் யாழ் மாவட்டத்துக்கு 6 ஆசனம்; அதில் 3 தேசிய மக்கள் சக்திக்கு.

இன்று அந்தத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவின் வாக்குப் பெட்டிகள் கடல் தாண்டி யாழ் மத்திய கல்லூரிக்கு வந்து, குடாநாட்டுப் பெட்டிகளோடு சேர்ந்தே எண்ணப்படுகின்றன. தீவிலிருந்து ஒருவர் எம்பியாக வேண்டுமென்றால், முதலில் ஏதாவது ஒரு கட்சியின் அல்லது சுயேச்சைக்குழுவின் வேட்பாளர் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். அப்புறம் குடாநாட்டின் நல்லூரிலும் கோப்பாயிலும் போய் விருப்பு வாக்கு, அதாவது பட்டியலுக்குள் தன் பெயருக்கு விழும் வாக்கு, கேட்க வேண்டும்.