பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மளிகைக்குச் சிறந்தது பெயர் பெற்ற பிராண்டா, சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பிராண்டா?" என்ற தலைப்பில், சொந்தப் பிராண்டுக்காகப் பேச வந்திருக்கிறேன். தொடங்கும் முன் நடுவர் மேசையில் இரண்டு சர்க்கரைப் பாக்கெட்டுகளை வைக்கிறேன். ஒன்று பெரிய கம்பெனியுடையது. இன்னொன்று, கடை தன் பெயரைப் போட்டு விற்பது. இரண்டின் முன்பக்கத்திலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கம் மட்டும் தெரியும். அவை அங்கேயே இருக்கட்டும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "பெயர் என்பது வாக்கு. பல வருஷமாகக் காப்பாற்றி வந்த வாக்கு. அதற்குத்தான் நாலு காசு கூடக் கொடுக்கிறோம்" என்றார். அவை கை தட்டியது, நானும் தட்டினேன். வாக்கைக் காப்பாற்றுகிறவருக்குக் கூடக் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நாம் கூடக் கொடுக்கும் காசு அந்த வாக்குக்குத்தான் போய்ச் சேருகிறதா? அதை மட்டும் பார்ப்போம்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மா கடை பிராண்ட் பிஸ்கட்தான் வாங்குவார். யாராவது வீட்டுக்கு வந்தால் சமையலறையிலேயே பாக்கெட்டைப் பிரித்து, கவரைக் கசக்கிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்து, மேலே காய்த்தோலைப் போட்டு மூடிவிட்டு, தட்டில் அடுக்கிக் கொண்டு வருவார். ஒரு நாள் அது தெரியாத என் தம்பி, பாதி பிஸ்கட் மிச்சமிருந்த கவரோடு கூடத்துக்கு ஓடி வந்துவிட்டான். வந்திருந்தவர் அதற்குள் இரண்டு தின்றிருந்தார், மூன்றாவது கையில் இருந்தது. கவரைப் பார்த்தார். கையில் இருந்ததைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அன்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன வேகம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

முதல் இரண்டும் மூன்றாவதும் ஒரே பாக்கெட், நடுவர் அவர்களே. நடுவில் பெயர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

பெயர் நாக்கையே மாற்றிவிடும் என்பதற்கு என் வீட்டுக் கதையை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்றரை வயதிலிருந்து ஐந்தரை வயதுக்குள் 63 பிள்ளைகள். ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை வெறும் தாளிலும் மறு பங்கை மெக்டொனால்ட்ஸ் சின்னம் போட்ட தாளிலும் வைத்துக் கொடுத்தார்கள். சின்னம் இருந்த பங்குதான் ருசி என்று பிள்ளைகள் அதிகமாகச் சொன்னார்கள். அதில் கேரட்டும் ஒன்று. கேரட்டுக்கு என்ன ரகசியச் செய்முறை இருக்கப்போகிறது? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே பெயர் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

சரி, பெயரில் ஏமாறாதவர் யாராவது உண்டா? உண்டு. பொருளை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். பிரானன்பெர்க், டுபே, ஜென்ட்ஸ்கோ, ஷப்பீரோ என்ற நான்கு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கக் குடும்பங்கள் கடையில் உண்மையில் எதை வாங்கின என்ற கணக்கை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது சாதாரண மக்கள் 26 சதவீதம் பெரிய பிராண்டை எடுத்தார்கள். மருந்தாளுநர்கள்? வெறும் 9 சதவீதம். மருந்து நம் தலைப்பில் இல்லையே என்று எதிரணி கேட்கலாம். அதே ஆய்வில் மளிகையும் இருக்கிறது. உப்பு, சர்க்கரை போன்ற சாமான்களில், சமையலையே தொழிலாகக் கொண்டவர்கள் பெரிய பிராண்டுக்குச் செலவிட்ட பங்கு, அவர்களைப் போன்ற வருமானமும் குடும்பமும் உள்ள மற்றவர்களைவிட 12 சதவீதப் புள்ளி குறைவு. தினம் அடுப்படியில் நிற்கும் கை, தன் சொந்த வீட்டுக்கு வாங்கப் போகும்போது கடை பிராண்டை எடுக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

எதிரணித் தலைவர் 2013-ஆம் ஆண்டுச் செய்தியை எடுத்து வீசினார். மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தபோது, டெஸ்கோ கடையின் சொந்தப் பிராண்ட் பர்கர் ஒன்றின் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை இருந்தது. உண்மை. மறைக்க நான் வரவில்லை, அது அசிங்கம்தான். ஆனால் தலைவர் ஜனவரியோடு நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் என்ன வந்தது? ஃபின்டஸ் என்ற பெயர் பெற்ற நிறுவனம், பாஸ்தாவை அடுக்கிச் செய்யும் தன் மாட்டிறைச்சி லசானியாவில் 18 மாதிரிகளைச் சோதித்தது. 11 மாதிரிகளின் இறைச்சியில் 60 முதல் 100 சதவீதம் வரை குதிரை. ஒரு பொட்டலத்தில் இருந்த இறைச்சி முழுவதுமே குதிரையாக இருந்திருக்கலாம்! அந்த லசானியா செய்யப்பட்டது லக்சம்பர்கில் உள்ள ஓர் ஆலையில். அதே ஆலை டெஸ்கோவுக்கும் ஆல்டி என்ற இன்னொரு சூப்பர் மார்க்கெட்டுக்கும் அவர்கள் பெயரில் சாப்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றால், இன்னொன்றும் சொல்கிறேன். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவில் சால்மோனெல்லா கிருமியால் வேர்க்கடலை வெண்ணெய் திரும்பப் பெறப்பட்டது. ஒன்று பீட்டர் பேன், பழம்பெரும் பிராண்ட். மற்றொன்று கிரேட் வேல்யூ, வால்மார்ட் கடையின் சொந்தப் பிராண்ட். எந்த டப்பாவைத் தூக்கிப் போட வேண்டும் என்று மக்களுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? மூடியைப் பாருங்கள், 2111 என்று தொடங்கும் எண் இருந்தால் போடுங்கள் என்றார்கள். இரண்டு பெயருக்கும் ஒரே எண். ஏனென்றால் இரண்டும் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. கடைத் தட்டில் மேலும் கீழுமாக, விலை வித்தியாசத்தோடு இருந்த இரண்டு டப்பாக்கள் உறவு என்பது, ஒரு கேடு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

ஒரே ஆலை என்றால் ஒரே பக்குவம் என்று நான் சொல்லவில்லை. ஆலை ஒன்றாக இருந்தும் சேர்மானம் வேறாக இருக்கலாம். காலை உணவுத் தானியம் செய்யும் கெலாக்ஸ் போன்ற நிறுவனம் "நாங்கள் வேறு யாருக்கும் செய்து தருவதில்லை" என்று விளம்பரமே செய்தது. அதுவும் உண்மை. நான் சொல்வது இவ்வளவுதான்: கெட்டது வந்தபோது பெயர் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியது சோதனை, சட்டம், ஆலையின் சுத்தம். இவை மூன்றும் முன்பக்கத்தில் அச்சாவதில்லை.

"விலை குறைகிறது என்றால் எங்கேயோ தரத்தில் கைவைக்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். விலை எங்கே குறைகிறது என்று பாருங்கள். டி.வி.யில் நடிகர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கும் விற்பனைப் படை வேண்டியதில்லை. நம் கண் மட்டத்துத் தட்டில் இடம் பிடிக்கப் பெரிய கம்பெனிகள் கடைக்கே பணம் கட்டும் நாடுகள் உண்டு, அந்தச் செலவும் இல்லை. கடைக்காரர் ஆலையிடம் போய் இந்தத் தரத்தில் இத்தனை டன் என்று ஒப்பந்தம் போடுகிறார், மூட்டை நேராகக் கடைக்கு வருகிறது. சர்க்கரையில் கைவைக்க அங்கே அவசியமே இல்லை.

இங்கே ஒரு வரலாறு சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1925 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கோட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து ஃபோர்டு லாரிகளை வாங்கி, தெருத்தெருவாக மளிகை விற்கக் கிளம்பினார். காபி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. ஆறே சாமான். இடைத்தரகர் இல்லாததால் விலை மலிவு. பெயர் பெற்ற உற்பத்தியாளர்கள் என்ன செய்தார்கள்? அவருக்குச் சரக்குத் தர மறுத்தார்கள். மலிவாக விற்றால் தங்கள் விலை குலைந்துவிடும் என்ற பயம். மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. 1928-இல் ஓர் ஆலையையே வாங்கித் தன் பெயரில் செய்யத் தொடங்கினார். அவர் தொடங்கிய மீக்ரோஸ் என்ற அந்த நிறுவனம் பின்னாளில் கூட்டுறவு நிறுவனமாகி, இன்றைக்கும் பெரும்பாலும் சொந்தப் பிராண்டுகளையே விற்கிறது. கடை பிராண்ட் என்றால் திருட்டுப் பிள்ளை என்பது போல எதிரணியில் ஒருவர் பேசினாரே, அவருக்காகச் சொல்கிறேன்: அங்கே அது பிறந்ததே, ஏழை வீட்டுக்கு மலிவாகக் கொடுக்க வந்தவனுக்குக் கதவைச் சாத்தியதால்தான்.

எதிரணி சொன்னதில் நான் ஏற்பதும் உண்டு. பெரிய பிராண்டின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே ஒற்றி எடுத்துக் கண்ணை ஏமாற்றும் கடைகள் இருக்கின்றன. அது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கடைகள் ஆலைகளை நெருக்குகின்றன என்பதும் மெய். ஆனால் அந்த நெருக்கடி பெயர் பெற்ற கம்பெனிக்குச் சரக்கு தரும் ஆலைக்கும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டுகள் சரக்கு தருகிறவர்களை நடத்தும் விதத்தைக் கண்காணிக்கப் பிரிட்டனில் 2013-இல் சட்டம் போட்டுத் தனி அதிகாரியே நியமித்தார்கள். வேண்டியது அப்படி ஒரு காவல்.

ருசிக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் ஆறு சாமானை இரண்டிரண்டு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்துக்கு அடியில் மட்டும் எண் எழுதி, எல்லோரையும் சுவைக்கச் சொன்னேன். உப்பு, சர்க்கரை, மாவு மூன்றிலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிஸ்கட்டில் கடை பிராண்ட் ஜெயித்தது. எண்ணெயில் ஆளுக்கொரு பேச்சு. தக்காளி சாஸில் மட்டும் என் மகள் முதல் சொட்டிலேயே "இதுதான்மா நல்லாயிருக்கு" என்று பெரிய பிராண்டைச் சரியாகத் தொட்டாள். கண்ணைக் கட்டிக் கேட்டாலும் அதையே சொன்னாள். இன்றும் அந்த சாஸை அந்தப் பெயரில்தான் வாங்குகிறோம். அதற்குக் கூடக் கொடுக்கும் காசு வாக்குக்குப் போகிறது, மனமாரக் கொடுக்கிறேன். ஆறில் ஒன்று. மற்ற ஐந்துக்கும் இத்தனை வருஷம் எதற்குக் கொடுத்தேன்?

மாதச் சம்பளம் இருபதாம் தேதியே தீர்ந்துபோகும் வீட்டில் இந்தக் கேள்வி வேறு மாதிரி ஒலிக்கும், நடுவர் அவர்களே. பேருக்குக் கொடுத்த காசு அங்கே ஒரு பழமாகவோ ஒரு டம்ளர் பாலாகவோ பிள்ளையின் தட்டுக்கு வந்திருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு அதைப் பெயருக்குக் கொடுக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். என் அம்மா கொடுக்கவில்லை. மலிவானதை வாங்கி, கவரை ஒளித்து, மிச்சத்தில் எங்களைப் படிக்க வைத்தார். அவர் ஒளித்திருக்க வேண்டியதே இல்லை என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு பாக்கெட்டையும் கையில் எடுங்கள். சேர்மானம் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்கு உலகப் பொது நெறி ஒன்று உண்டு, கோடெக்ஸ் என்பார்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். இரண்டிலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: சர்க்கரை. நூறு கிராமுக்கான சத்துக் கணக்கைப் பாருங்கள். தயாரித்த இடத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, இரண்டில் எது பெரிய கம்பெனியுடையது என்று இந்த அவைக்குச் சொல்லுங்கள். தாளை அதற்குப் பிறகு கிழிக்கலாம்.

நன்றி, வணக்கம்.