வருகிறீர்களா, இல்லையா?

வணக்கம். உங்கள் போனை எடுத்துப் பார்த்தால், பதில் சொல்லாமல் கிடக்கிற நிகழ்ச்சி அழைப்பு ஒன்றாவது அதில் இருக்கும். கல்யாணமோ, பிறந்தநாளோ, கருத்தரங்கோ. பார்த்திருப்பீர்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பீர்கள். அந்த 'அப்புறம்' பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். வருஷக்கணக்காகச் சின்னச் சின்னக் கூட்டங்களை ஏற்பாடு செய்து வருகிறேன். ஒரு பதில் எவ்வளவு பெரிய உதவி என்பது அழைக்கிறவர் இடத்தில் உட்கார்ந்தால்தான் புரியும்.

அழைப்பை அனுப்பிவிட்டு அவர் சும்மா இருப்பதில்லை. ஆள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு பெரிய இடம், எத்தனை நாற்காலி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எல்லாம் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. சமையலுக்கு ஆள் வைத்தால் சில நாள் முன்னதாகவே கடைசி எண்ணிக்கை கேட்பார்கள். சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். 'இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும்' என்று அழைப்பில் போடுவது அதற்காகத்தான். அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

ஒரு வாசிப்புக் கூட்டம். சின்ன அறை, முப்பது பேர்தான் உட்கார முடியும். முப்பது பேரைத்தான் அழைத்திருந்தோம். இருபது பேருக்கு மேல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் 'பார்க்கிறேன்', 'முயற்சி செய்கிறேன்'. பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவேன், அழிப்பேன், மறுபடி போடுவேன். அந்த இடத்தில் தாளே கறுத்துவிட்டது. முந்தின நாள் ஒரு பெண் போன் செய்தார். அப்பாவுக்கு அந்தப் பேச்சாளர் என்றால் உயிர், சக்கர நாற்காலியில்தான் வருவார், இடம் கிடைக்குமா என்று. சக்கர நாற்காலி நிற்க வேண்டுமென்றால் இரண்டு நாற்காலியை எடுக்க வேண்டும். கேள்விக்குறிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் 'நாளைக்குச் சொல்கிறேன்' என்றார். இன்னொருவர், 'எப்படியும் வரப் பார்க்கிறேன், என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்' என்றார். சரி, வேறு வழியில்லை, அந்தப் பெண்ணிடம் இடமில்லை என்று சொன்னேன். மறுநாள் சாயங்காலம் கடைசி வரிசை முழுக்கக் காலி. இடத்தைக் கொடுக்க வேண்டாம் என்றவரும் வரவில்லை. அந்தப் பெரியவர் அந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வர முடியாது என்றால், முடியாது என்று சீக்கிரம் சொல்லுங்கள். மனம் நோகுமே என்று பலர் தயங்குகிறார்கள். நோகடிப்பது மௌனம்தான். 'அழைத்ததற்கு நன்றி, அன்றைக்கு வர இயலாது, நன்றாக நடக்கட்டும்.' இவ்வளவு போதும். காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. பொய்க் காரணம் வேண்டவே வேண்டாம்.

கணினி நாட்காட்டிகளுக்காக 1998இல் வந்த ஐகேலண்டர் என்ற பொது வரையறையிலேயே, அழைப்புக்கான பதிலுக்கு ஏற்பு, மறுப்பு, உறுதியில்லை, இன்னும் பதில் இல்லை என்று தனித்தனி நிலைகள் உண்டு. 'உறுதியில்லை' என்பதும் ஒரு பதில்தான், தப்பில்லை. விடுப்பு கிடைக்காமல் இருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் அதோடு ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள். அவர் உங்களைத் துரத்தும்படி வைக்காதீர்கள்.

வருகிறேன் என்று சொன்ன பிறகு போக முடியாமல் போகிறதா? தெரிந்த உடனே சொல்லுங்கள். நிகழ்ச்சி அன்றைக்கு என்றால் குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம், அன்று அவர் போனைப் பார்க்கவே நேரம் இருக்காது. அவரோடு கூட நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அழைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அழைப்பு. இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் முதலிலேயே கேட்க வேண்டும், வாசலில் வைத்து அல்ல.

அழைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யார் யாருக்கு அழைப்பு, எந்தத் தேதிக்குள் பதில், எந்த எண்ணில் சொல்வது, இந்த மூன்றையும் தெளிவாகப் போடுங்கள். வர முடியாது என்றவரை ஏன், எதற்கு என்று குடையாதீர்கள். ஒரு முறை அப்படிக் குடைந்தால், அடுத்த முறை அவரும் 'பார்க்கிறேன்' என்றுதான் சொல்வார்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். அழைப்பைக் கேட்டு வாங்குவது பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடத்துகிறவரிடமே கேளுங்கள், விருந்தாளியிடம் கேட்டு அவரைத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். 'இடமில்லை என்றாலும் பரவாயில்லை' என்று சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு விசாவுக்காக அழைப்புக் கடிதம் கேட்பவர்கள், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், அதன் எண், போய் வரும் தேதிகள், செலவு யாருடையது என்பதையெல்லாம் ஒரே கடிதத்தில் எழுதி, நாள் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். வணக்கம்.